முதிர்ந்த செவியும் பண்ணறிவும்

திருமுறை ஓதும் அன்பர் பலர்பால் ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கின்றது. பண்ணோடு ஓதுதல் இளமையிற் பயின்றார்க்கே கைகூடும். நாற்பதும் ஐம்பதும் கடந்த பின்னர்ச் செவி புதியதொன்றை ஏலாது. ஆதலின் எம்மனோர்க்குப் பாட்டின் சொல்லும் பொருளுமே அமையும் என்பது அவ்வெண்ணம். இது பணிவிற் பிறந்ததுபோலத் தோன்றினும், விளைவில் பெருங்கேடு பயப்பதாம். ஓதுவாமூர்த்திகள் இல்லாத திருக்கோயில்களில் திருப்பதிகம் வெறுஞ்செய்யுளாக வாசிக்கப்படுகின்றது. பண்ணின் பெயர் பதிகத்தின் தலைப்பில் அச்செழுத்தாய் நிற்க, பண் மட்டும் ஒலியாதொழிகின்றது. மூவர் முதலிகள் அருளியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன 8,000 திருப்பாடல்களுக்கு மேற்பட்டனவாகவும், அவற்றைப் பண்முறை பிழையாது ஓத வல்லார் தொகை அருகி வருதல் கண்கூடு.

முதிர்ந்த பருவத்தில் சுரத்தானங்களைச் செவியால் உணரக் கற்றல் இயலுமோ, இயலாதோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. இதற்கு விடை நம் இசைமரபின் வரலாற்றிலேயே உளது. பிறநாட்டு ஆய்வாளர் அண்மைக்காலத்துச் செய்த சோதனைகளும் அதற்கு அரணாகின்றன.

இருவகை உணர்வு

முதற்கண் ஒரு வேறுபாட்டை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். எழுந்த ஓர் ஒலியைப் பிறிதொன்றன் துணையின்றிக் கேட்ட அளவிலே, ‘இஃது இன்ன சுரம்’ எனப் பெயர் கூறும் ஆற்றல் ஒருவகை. நிலைபெற்று ஒலிக்கும் ஆதார சுருதி ஒன்றனைப் பற்றி நின்று, அதனோடு உறவு நோக்கி, ‘இஃது அதற்கு ஐந்தாவது, இது நான்காவது’ என உணர்தல் மற்றொருவகை. முன்னதைத் தனிநிலையுணர்வு என்றும், பின்னதைச் சார்புணர்வு என்றும் வழங்குவாம்.

தனிநிலையுணர்வு உடையார் மிகச் சிலரே; பதினாயிரவருள் ஒருவர் என்பது பலரும் வழங்கும் ஒரு மதிப்பு. இளங்குழவிப் பருவத்துப் பயிற்சி இதற்குப் பெருந்துணை என்பதும் ஆராயப்பட்டுளது. 2006ஆம் ஆண்டில் டயானா டாய்ச் என்னும் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும், பீக்கிங் நகரத்து இசைக்கல்லூரி மாணாக்கரையும் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து இசைக்கல்லூரி மாணாக்கரையும் ஒப்பிட்டனர். நான்கு ஐந்து அகவையிலேயே இசை தொடங்கியவருள், சீன மாணாக்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரும், சுரவேறுபாட்டாற் சொற்பொருள் வேறுபடாத மொழி பேசும் அமெரிக்க மாணாக்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரும் இவ்வாற்றல் உடையராய் இருந்தனர். காலந்தாழ்த்துத் தொடங்கினார்பால் இத்தொகை இருநாட்டிலும் குறைந்தது.

முதியோர் இசை கற்றற்கு இயலாது என்னும் எண்ணத்திற்கு இத்தகைய செய்திகளே அரணாகக் காட்டப்படுகின்றன. அற்றன்று, இவையெல்லாம் தனிநிலையுணர்வு பற்றியன. பண்ணுக்கு வேண்டுவது அதுவோ என்பதே வினா.

நரம்புகளின் உறவு

தமிழ்ப் பெருமக்கள் ஏழிசையைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டு வழங்கினர். இவற்றிற்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்து, மொத்தம் 22 எனக் கொண்டனர். இவ்வேழனையும் பிற்காலத்துச் சட்சம் முதலிய பெயர்களோடு இயைப்பதில் அறிஞர்க்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. எங்ஙனம் இயைப்பினும், குரலினின்று எண்ண இளி ஐந்தாம் நரம்பாதலில் வேறுபாடில்லை. குரலின் மேல் துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2 எனக் கூட்ட உழை 9 மாத்திரையில் நிற்கும். மேலும் இளியின் 4 கூட்ட இளி 13 மாத்திரையில் நிற்கும். ஒலிநூலார் அதிர்வெண் கொண்டு அளந்து, அடிச்சுரத்தின் அதிர்வு 240 ஆயின் நான்காம் சுரம் 320, ஐந்தாம் சுரம் 360, மேற்குரல் 480 என்பர். நரம்பின் நீளங் குறைந்து இரண்டில் ஒன்றாயின் மேற்குரலும், மூன்றில் இரண்டாயின் ஐந்தாம் சுரமும் தோன்றும்.

இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது, சிலப்பதிகார உரைகள் நரம்புகட்குக் கூறும் இணை, கிளை, பகை, நட்பு என்னும் நால்வகை உறவாகும். ஒரு நரம்பு தனித்து நிற்கும்போது அதற்கு இணையும் இல்லை, பகையும் இல்லை. மற்றொரு நரம்போடு கூடி ஒலிக்கும்போதே அதன் இயல்பு புலப்படும். சுற்றமும் நட்பும் பகையும் எனக் குடும்ப வாழ்க்கைச் சொற்களையே இசைக்கு எடுத்தாண்ட பண்டையோர் கருத்து யாது? சுரமென்பது தனிப்பொருளன்று, உறவினால் அறியப்படும் பொருள் என்பதேயாம். அரங்கேற்று காதையுள் இசைக்கருவிகள் ஒலிக்கும் முறையும் இதனையே காட்டும். குழலைப் பற்றி யாழும், யாழைப் பற்றித் தண்ணுமையும், அதனைப் பற்றி முழவும் என ஒன்று ஒன்றனைச் சார்ந்து எழுந்தன. தனித்து எழுந்தது யாதுமில்லை.

சுருதிக்குத் தமிழில் ‘கேள்வி’ என்னும் பெயரும் உண்டு. கற்றார்வாய்க் கேட்டறிதற்கும் அப்பெயரே. இவ்விரண்டனையும் ஒரு சொல்லாற் குறித்த மரபு, சுரத்தைப் பிறப்பொடு வந்த வரமாகக் கருதாது கேட்டுப் பெறும் கல்வியாகக் கருதிற்று என்று கொள்ளல் தகும்.

தனிநிலையுணர்வுக்கு நம் மரபில் இடமின்மைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. ‘ஒரு கட்டை’, ‘ஒன்றரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ எனச் சுருதியை இன்று குறிக்கின்றோம். இவ்வழக்கு ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளை எண்ணி வந்தது. அப்பெட்டியோ 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதற்கு முன் பாடுவோர் தத்தம் மிடற்றுக்கு இயைந்த இடத்தில் ஆதாரத்தை வைத்துக்கொண்டனர். ஐரோப்பாவிலும் ஊர்தோறும் சுருதி வேறுபட்டிருந்தது. பிரான்சு நாடு 1859இல் ஒரு சுரத்திற்கு 435 அதிர்வு எனச் சட்டஞ் செய்தது. 1939இல் லண்டன் மாநகரிற் கூடிய பேரவை அதனை 440 எனத் திருத்தியது. மக்கள் கூடி வரையறுத்து மாற்றும் ஓர் எண்ணை நினைவிற் பதித்தலே தனிநிலையுணர்வாயின், அஃதில்லாமை பண்ணுக்கு ஒரு குறையாதல் எங்ஙனம்? இளிக்கும் குரலுக்கும் உள்ள உறவோ எக்காலத்தும் எவ்வூரிலும் மாறுவதன்று.

எருக்கத்தம்புலியூரில் நிகழ்ந்தது

இனி வரலாற்றிற்கு வருவாம். திருமுறைகண்ட வரலாறு சைவருள் யாவரும் அறிந்ததே. ஆயினும் அதன் பிற்பகுதியைப் பலரும் கருத்தூன்றி நோக்குவதில்லை. தில்லையில் திருக்காப்பிட்ட அறையைத் திறப்பித்து, செல்லரித்தன போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பிகளும் சோழ வேந்தரும் எடுத்தனர் என்பது முற்பகுதி. அவ்வேந்தர் கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசர் என்பது பெரும்பான்மையோர் துணிபு. ஏடு கிடைத்தது, பாட்டுக் கிடைத்தது, நம்பிகள் அவற்றை வகுத்தருளினார். பண்ணோ கிடைத்திலது. ஏட்டில் எழுத்து நிற்கும், இசை நில்லாது. ஆகவே அவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த திருவெருக்கத்தம்புலியூரை அடைந்து விண்ணப்பித்தனர். அந்நாயனார் மரபில் வந்த ஓர் அம்மையார்க்குப் பண்முறை அருளப்பெற்றுளது என்று திருவருள் உணர்த்த, அவரைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவர் வாயிலாகப் பண்ணும் கட்டளையும் வகுப்பித்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வூர் இக்காலத்து இராசேந்திரப்பட்டினம் என வழங்கி, விருத்தாசலத்தை அடுத்து உளது.

இப்புராணம் நிகழ்ச்சிக்குப் பன்னூறாண்டு பிற்பட்டது. இராசராசர்க்கு முன்னரே திருப்பதியம் பாடுவார் கோயில்களில் இருந்தனர் என்பதற்குத் திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டு முதலிய சான்றுகள் உள. ஆகலின் பண் முழுவதும் மறைந்தே போயிற்று என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆங்காங்குச் சிதறி நின்ற மரபு, ஒரு குடியிற் பிழையாது போற்றப்பட்டமை அறிந்து, அதனைக் கொண்டு ஏனைய மரபுகள் ஒழுங்கு செய்யப்பட்டன என்று கொள்ளுதல் வரலாற்றுக்கும் புராணத்துக்கும் ஒத்ததாம்.

இதனால் நாம் அறியற்பாலது யாது? தில்லையில் அவ்வம்மையார் பாடக் கேட்டு உளங்கொண்டோர் பள்ளிச் சிறார் அல்லர். ஏடு கண்டார், பாட்டு உணர்ந்தார், திருமுறை வகுத்தார் ஆகிய கல்வி நிரம்பிய பெரியோரே அவையில் இருந்தனர். அவர்கட்கு இலக்கணம் தெரியும், பொருள் தெரியும், பண் ஒன்றே பிறர்வாய்க் கேட்டறிதற்குரியதாக எஞ்சிற்று. அதனைக் கேட்டற்குத் தம் அகவையும் புலமையும் தடையென்று அவர் கருதியிருப்பின், இன்று தக்கராகம், தக்கேசி, கொல்லி என்னும் பெயர்கள் தானும் நம்பால் எய்தியிரா.

கல்லில் எழுதியவை

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டொன்று, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரை வேந்தர் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் அளிப்பித்தமை கூறும். அதன்கண் உள்ள நிபந்தம் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. இவருள் ஒருவர் இறந்தாலும் வேறிடஞ் சென்றாலும் அவர்க்கு அணுக்கரான உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தாம் அதற்கு யோக்கியர் அல்லராயின், யோக்கியராயினாரை அமர்த்துவித்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பிடாரர் கூடித் தகுதியுடையார் ஒருவரைத் தெரிந்தமைத்தல் வேண்டும்.

குடிவழி உரிமையை மதித்த அக்காலத்தேயும், பிறப்பு மட்டும் பண்ணறிவைத் தாராது என்பதனை வேந்தரும் அதிகாரிகளும் நன்கறிந்திருந்தனர். பாடுவார் மகன் பாட அறியாதவனாதல் கூடும். வேறு குடியிற் பிறந்தான் பாட அறிந்தவனாதல் கூடும். அவ்விரண்டற்கும் கல்லெழுத்தில் இடம் வைத்தனர்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்ச் சோழர் காலக் கல்வெட்டொன்று இதனினும் உள்ளத்தை உருக்குவது. அக்கோயிலில் திருப்பதியம் பாடக் கண்ணிலார் 16 பேர்க்கும், அவர்கட்குக் கண்காட்டுவார் 2 பேர்க்கும் நிபந்தம் விடப்பட்டது. அவர்க்கு ஏடு உதவாது. தலைப்பிற் பொறித்த பண்ணின் பெயரும் உதவாது. பதிகம் முழுவதும், அதன் பண்ணும் கட்டளையும் உட்பட, செவி ஒன்றன் வாயிலாகவே அவர் உள்ளத்திற் சென்று நிலைபெறல் வேண்டும். வழியைக் காட்டுதற்கு இருவர் வேண்டப்பட்டனர்; சுரத்தைக் காட்டுதற்கு உடன்பாடுவாரின் குரலே அமைந்தது.

புதுக்கோட்டை நாட்டுக் குடுமியான்மலையிற் குன்றின்மேற் பொறித்த 7ஆம் நூற்றாண்டு இசைக்கல்வெட்டும் ஈண்டு நினைக்கத்தகும். அதனைச் செய்வித்த வேந்தர் இன்னார் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்பட்டிலர். ஆயினும் அவர் தம்மைப் பரமமாகேசுவரர் என்றும், உருத்திராசாரியர் என்னும் ஆசிரியர்க்கு மாணாக்கர் என்றும் கூறிக்கொண்டு, மாணாக்கர் நலங்கருதி அச்சுரவரிசைகளைச் செய்தமை கல்லிலே உளது. முடிதாங்கிய ஒருவர் பிறிதொரு பெருமையையும் உரையாது தம்மை மாணாக்கர் எனக் கல்லிற் பொறித்தது இசைக்கேயாம்.

அண்மைக்காலத்திலும் சான்று உண்டு. தஞ்சையில் மருத்துவராய் விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, சுருதி 22 அன்று, 24 என வாதித்தார். அவர் முடிபை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். சுருதிக் கணக்கைத் தமிழர் மீண்டும் செவியால் ஆராயத் தலைப்பட்டமைக்கு அவர் பெருங்காரணர் என்பதில் ஐயமில்லை. ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்றுக் கல்வித் தொண்டில் ஈடுபட்டவர். அவர் பல்லாண்டு முயன்று நரம்பின் அளவுகளைக் கணித்து, மறைந்துபோன யாழை மீளக் காட்டி, 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த திங்களே இறைவனடி சேர்ந்தார். சென்னைத் தமிழிசைச் சங்கத்தார் 1949 முதல் நடாத்திய பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில், ஓதுவார் பாடக் கேட்டே பண்ணும் இராகமும் ஒப்பிடப்பட்டன. நட்டபாடை நாட்டை என்றும், தக்கேசி காம்போதி என்றும், பழம்பஞ்சுரம் சங்கராபரணம் என்றும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி என்றும், செந்துருத்தி மத்தியமாவதி என்றும் இன்று பாடப்படுவன அம்மரபு பற்றியனவே.

பிறநாட்டார் சோதனைகள்

தனிநிலையுணர்வையே முதிர்ந்தோர் பெறக்கூடுமோ என ஆராய்ந்தாரும் உளர். பிரேடி என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் 32ஆம் அகவையில் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொறியினாற் பதிவு செய்த சுரங்களைக் கேட்டுக் கேட்டுப் பயின்று, அதன் பயனை 1970இல் வெளியிட்டார். காலையில் எழுந்தவுடன் பியானோவில் ஒரு சுரம் ஒலிக்க, அதன் பெயரை அவர் கூறுவார். பெரும்பான்மை சரியாயின, பிழைத்தவை பெரும்பாலும் அரைச்சுர அளவிலேயே பிழைத்தன. அவர் கையாண்ட முறையே நமக்குப் பெரிதும் வேண்டுவது. பன்னிரண்டு சுரங்களையும் தனித்தனி நினைவிற்கொள்ள அவர் முயன்றிலர். ஒரு சுரத்தை மட்டும் உள்ளத்தில் அசையாது நிறுவி, ஏனையவற்றை அதனோடு உறவு நோக்கியே அறிந்தார். 2019ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், முதிர்ந்தோர் அறுவர் எட்டு வாரம் பயிற்றப்பட்டு, அவருள் இருவர் இயல்பாக அவ்வாற்றல் உடையாரோடு ஒத்த நிலை எய்தினர்.

இவை கொண்டு யாவரும் அந்நிலை எய்துவர் என்று கூறுதல் மிகையாம். அறுவருள் நால்வர் எய்திலர். ஆயினும் பண் பாடுவார்க்கு அந்நிலை வேண்டப்படுவதன்று என்பதை முன்னர்க் கண்டோம். வேண்டப்படுவது சார்புணர்வே, அதுவோ இளையார்க்கும் முதியார்க்கும் பயிற்சியால் வருவது. பிரேடியார் தனிநிலையுணர்வை நாடிச் சென்றும், ஒன்றனை ஆதாரமாகப் பற்றும் சார்பினாலேயே அதனை அடைந்தார் என்பது நம் முன்னோர் முறைக்கு ஒரு வலியாகும்.

சித்தாந்தத்தோடு இயைபு

சார்பின்றி அறிவு இல்லை என்பது நம் சமயத்தார்க்குப் புதிய செய்தியன்று. உயிர் அறிவுடைப் பொருளாயினும், அறிவிக்க அறிவதே அதன் இயல்பு. சார்ந்ததன் வண்ணமாதலும் அதன் இயல்பே. கண்ணுக்குக் காணும் தன்மை உண்டாயினும் உயிர் நின்று காட்டினாலன்றிக் காணாது. அவ்வுயிர்க்கும் இறைவன் உடனின்று கண்டு காட்டுதல் வேண்டும் என்பது சிவஞானபோதப் பதினொராம் சூத்திரத்தின் கருத்து. செவிக்கும் இஃதொக்கும். ஆதார சுருதி உடனின்று ஒலிக்கும்போது, பாடும் சுரம் அதனோடு ஒத்ததோ விலகியதோ என்பதனை அச்சுருதியே காட்டிக்கொடுக்கின்றது. அதனை விட்டு நீங்கித் தன் முனைப்பாற் பாடுவானுக்குத் தன் பிழை தனக்கே தோன்றாது. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதை மறத்தலாகாது. சுருதி சடம், இறைவன் பேரறிவாளன். எனினும் பற்றுக்கோட்டை விடாது நின்று அறிதல் என்னும் பயிற்சி இரண்டிடத்தும் ஒன்றே.

ஞானத்திற்குக் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கு படியும் இசைப் பயிற்சியில் அமைவதை அன்பர் தாமே சோதித்தறியலாம்.

கேட்டலாவது, தம்புராவை மீட்டி, வாய் திறவாது நெடுநேரம் கேட்டிருத்தல். நரம்புக்கும் குதிரைக்கும் இடையே இடும் நூலை ‘ஜீவன்’ என்பர். அது செம்மையாக அமைந்துழி, ஒரு நரம்பினின்றே மேற்குரலும் பிறவும் நுண்ணிதாகக் கிளைத்தெழுதலைச் செவி உணரத் தொடங்கும். தொடக்கத்தில் ஒன்றாகக் கேட்டது சின்னாளிற் பலவாகக் கேட்கும்.

சிந்தித்தலாவது, கேட்ட ஆதாரத்தை மூடிய வாயால் மகர ஒலியாக எழுப்பி ஒப்பிடுதல். அடுத்தடுத்த இரண்டு ஒலி சிறிது வேறுபட்டால் ஓர் அலைவு தோன்றும். ஒன்று 240 அதிர்வும் மற்றொன்று 242 அதிர்வும் உடையவாயின், நொடிக்கு இருமுறை ஒலி பெருகிச் சுருங்கும். ஒத்தால் அலைவு அடங்கும். அவ்வலைவு அடங்குதலைக் கேட்டறிதற்குப் பிறவி வரம் வேண்டா, பொறுமை வேண்டும்.

தெளிதலாவது, ஆதாரத்தினின்று இளியையும், பின் மேற்குரலையும், பின் உழையையும் தாவிப் பற்றி, மீண்டும் ஆதாரத்திற்கே வந்து சேர்தல். இம்மூன்றும் நிலைபெற்ற பின்னரே எஞ்சிய நரம்புகள். வரிசையாக ஏறி இறங்குதலை மட்டும் பயின்றால் நா பழகும், செவி பழகாது. பிறர் ஒருவர் ஒரு சுரத்தை இசைக்க, இஃது எத்தனையாவது என்று விடையிறுத்தலே செவிக்குரிய பயிற்சி. நாளொன்றுக்கு அரைமணி தவறாது செய்தல், வாரத்தில் ஒருநாள் நெடும்பொழுது செய்தலினும் நன்று.

நிட்டையாவது, ஒரு பண்ணைத் தேர்ந்து, அப்பண்ணில் ஒரே பதிகத்தை அது தன்னியல்பில் வருமளவும் ஓதுதல். நட்டபாடையில் முதற்றிருமுறை தொடங்குகின்றது. அதுவே தொடங்குவார்க்கும் தக்க வாயில். ஓதுவார் அருகில் இருப்பின் அவர்பால் நேரிற் கேட்டலே சிறந்தது. இல்லையாயின் பதிவு செய்த ஒலியைத் துணைக்கொள்ளலாம். ஆயினும் பிழையைத் திருத்துதற்கு ஆசிரியர் ஒருவர் செவி, திங்கள் ஒருமுறையாயினும் வேண்டும்.

ஓர் ஆசங்கையும் விடையும்

அன்பு ஒன்றே அமையாதோ, பண் எதற்கு என்பார் உளர். அன்பின்றிப் பண் பயன்படாது என்பது மெய்யே. ஆயின் ஆசாரியர் திருப்பதிகங்களைப் பண்ணிலே அருளினாராதலின், அப்பண்ணை இயன்ற அளவு நாடுதலும் அன்பின் செயலேயாம். இறைவனை ஏழிசையாகவும் அவ்விசையின் பயனாகவும் கண்டு பாடிய பெருமக்களின் வாக்கை ஓதுங்கால், அவ்வேழிசையைக் கேளாத செவியோடு நின்றுவிடுதல் எங்ஙனம் அமையும்? மேலும் ஐந்தாம் ஆறாம் திருமுறைகள் பண்ணின் பெயர் பெறாது குறுந்தொகையும் தாண்டகமுமாக நிற்றலின், அவ்வளவும் கைகூடாதார்க்கும் சுருதி சேர ஓதும் இடம் நம் மரபிலேயே உளது.

நிரம்பப் பயின்றும் முற்றும் கைவரவில்லையே என வருந்துவார்க்குத் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி அமையும். ஆளுடைய பிள்ளையார் அருளிய யாழ்மூரிப் பதிகம் யாழில் அடங்கிற்றிலது. யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க ஓங்கினார். அவர் இளம்பயிற்சியினர் அல்லர்; அக்காலத்து யாழாசிரியருள் முதல்வர். பிள்ளையார் தடுத்தருளி, இறைவன் புகழ் இக்கருவியில் முற்றும் அடங்குமோ, இதில் வந்தவாறு வாசிப்பீர் என்னும் பொருள்பட அருளினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். பாணர் யாழை மீளப் பெற்றுப் பிள்ளையாரோடு தலந்தோறும் சென்று வாசித்தார். பெருமணத்திற் சோதியிற் கலக்குங்காறும் வாசித்தலை விட்டிலர்.

ஆகவே, திருமடங்களும் திருமுறை மன்றங்களும் சிறார்க்கு நடாத்தும் வகுப்புகளோடு, அலுவலினின்று ஓய்வு பெற்றார்க்கும் இல்லறக் கடமை முடித்தார்க்கும் மாலை வேளையில் செவிப் பயிற்சி வகுப்பொன்று நடாத்துதல் நலமாம். அதற்கு ஒரு தம்புராவும், ஓர் ஓதுவாரும், நாளொன்றுக்கு அரைமணியும் போதும். ஓதுவார் இல்லாத ஊரில் ஒருவரேனும் ஒரு பண்ணைப் பிழையின்றிக் கேட்டறிந்து பாடுவாராயின், அவர்வாய்க் கேட்பார் பின்னர்ப் பலராவர். எருக்கத்தம்புலியூர் அம்மையார் ஒருவரால் மீண்ட பண், நம் காலத்தில் செவிகொடுப்பார் இன்மையால் மறைந்தது என்னும் பழி நம்மைச் சாராதிருக்கத் தில்லைக்கூத்தன் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.